மாலை போட்ட பையன்கள்

ஆண்ட்வெர்ப், நவம்பர் 1934

என்னங்க,

கர்த்தர் கிருபையால் நலம், உடம்புதான் அசந்துபோகிறது. உங்கள் முழங்கால் வலி தேவலையா?

ஒன்று சொல்கிறேன், பதறாதீர்கள். மடியில் கிடத்தி வாசிக்கும் நம் ஸ்டீல் கிட்டாரை இந்த ஊர்ப் பையன்களும் கற்றுக்கொண்டார்கள். அரங்கு முதலாளி அதை வாசித்துவந்த உங்கள் தம்பி லோனோவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

"ஹவாய்க்காரங்க நாங்கதானே ஐயா!" என்றேன்.

"அவனுங்களும் உங்களை மாதிரியே கழுத்துல பூமாலை போட்டிருக்கானுங்களேம்மா!"

"அப்போ உங்க வண்டிக் குதிரைக்கும் ஒண்ணு போட்டு மேடையேத்துங்க!"

அவரே சிரித்துவிட்டார். பையன்களுக்கு நம் பாஷையில் பாட வராதாம், அதற்கு நான் வேண்டுமாம். நம் ஒழுகும் கூரையை நினைத்து ஒத்துக்கொண்டேன்.

லோனோ கப்பலேறிவிட்டான். வந்ததும் திட்டாதீர்கள். கொஞ்சம் உப்பு மீனும் கம்பளிக் காலுறையும் அனுப்புங்கள். இனி நம் பாஷை என் வாயில் வருவது பாட்டிலும் ஜெபத்திலும்தான். மேடைக்குக் கூப்பிடுகிறார்கள்.

உங்கள்
ஹனா