தியேட்டரில் வந்த சம்பந்தம்

ஐப்பசி, ஞாயிறு இரவு.

அக்கா மகன் குமார் என்னைத் திண்டிவனத்துக்குப் படம் பார்க்கக் கூட்டிப் போனான். பிள்ளையைப் பறிகொடுத்த ஓர் அப்பாவின் கதை. அந்த ஆள் வாயே திறக்கவில்லை. ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்தே இருக்கிறார். என்னை நடிக்க விட்டிருந்தால் தியேட்டரே எழுந்து நின்றிருக்கும்.

இடைவேளையில் பக்கத்து சீட்டு கிளியனூர்க்காரர், "உங்களுக்கு எத்தினி பசங்க?" என்று கேட்டார்.

"ஒரே பையன். துபாய்ல சூப்பர்வைசர். அவனுக்குக் கீழ நானூறு பேரு வேலை செய்றாங்க" என்றேன்.

அவர் கண் விரிந்துவிட்டது. தன் மகள் காலேஜ் முடித்திருப்பதாகச் சொல்லி, பையனின் ஜாதகம் கேட்டார்.

குமார் என்னை வெளியே இழுத்துக்கொண்டு போனான். "இன்னா மாமா பேசிக்கினு இருக்க? உன் பையன் சேகர் செத்துப்போயி ரெண்டு வருஷம் ஆவுது. படத்துல அந்த அப்பா எப்படி அடங்கி இருக்காரு, பாத்தல்ல? நீயும் மனசைத் தேத்திக்குவன்னுதான் கூட்டியாந்தேன்."

"அவரு அடங்கட்டும்டா. நான் பேசுவேன். போன வருஷம் என் பேச்சுல அவன் வெறும் ஹெல்பரு. நான்தான் சூப்பர்வைசர் ஆக்கினேன். பொங்கலுக்குள்ள மேனேஜர் ஆக்கிடுவேன்."

"அந்தாளு ஜாதகம் கேக்கறாரே, இன்னா சொல்லப்போற?"

நேராக உள்ளே போனேன். கிளியனூர்க்காரரைக் கையெடுத்துக் கும்பிட்டு, இந்தச் சம்பந்தம் எங்களுக்குச் சரிவராது என்று சொல்லிவிட்டேன். மனிதருக்கு முகம் சுருங்கிப்போனது.

"பொண்ணு நல்லாப் படிச்சிருக்குதுங்க" என்றார்.

படிக்கட்டுமே. என் பிள்ளைக்கு இன்னும் பெரிய இடமாக வரும்.