நீ அனுப்பிய சிப்பாயின் அழுக்கு

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே உன் அப்பா, உன் தங்கை, நான் மூவரும் நன்றாக இருக்கிறோம், நீயும் திடமாக இருப்பாய் என்று நம்பித்தான் எழுத உட்கார்ந்தேன், திடம் இல்லாதவன் படிக்கிற கடிதம் இல்லை இது. உன் அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்துவிட்டது, ஆனால் அதை ஒப்புக்கொண்டால் குளியலறைக் குழாயைச் சரிசெய்யச் சொல்லுவேன் என்று இன்னும் நொண்டிக்கொண்டே நடக்கிறார். உன் தங்கை தேர்வு எழுதி முடித்துவிட்டாள், முடிவு வரும்வரை கட்டிலைவிட்டு இறங்குவதில்லை என்று சபதம் எடுத்திருக்கிறாள் போல. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் எனக்கு வழக்கம்போல மூட்டை மூட்டையாக வேலை, புதிதாக வந்த இயந்திரம் துணியை வெளுக்கிறதோ இல்லையோ பொத்தானை ஒழுங்காகத் தின்கிறது. உன் பார்சலும் வந்து சேர்ந்தது. கணக்கு ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு அந்தப் பொம்மைப் பட்டறைக்கு வண்ணம் அடிக்கப் போனாயே, இது அங்கே நானே முழுதாகச் செய்த முதல் பொம்மை, பார்த்து மனதில் பட்ட மதிப்பைச் சொல், ஆபீஸில் இந்த மாதம் முடியும்வரை என் நாற்காலியை வைத்திருக்கிறார்கள், திரும்பிப் போவதா பட்டறையிலேயே இருப்பதா என்று உன் சொல்லை வைத்துத்தான் முடிவு என்று எழுதியிருந்தாய். மீசை நரைக்கப் போகிற வயதில் அம்மாவிடம் கேட்கிற கேள்வியா இது என்று முதலில் கோபம்தான் வந்தது. இருந்தாலும் கேட்டுவிட்டாய், சொல்லிவிடுகிறேன். அருவருப்பாக இருந்தது கண்ணா. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள், இந்தக் குஞ்சைப் பார்த்தால் காக்கையே கூட்டைக் காலிசெய்துவிட்டுப் போய்விடும்.

பெட்டியைத் திறந்ததும் மேலே ஒரு சின்னப் பை, அதற்குள் மணிக்கட்டோடு வெட்டின மாதிரி எட்டுக் கைகள். பையைக் கீழே போட்டுவிட்டேன், உன் தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள், துப்பாக்கி பிடிக்க ஒரு கை, சல்யூட் அடிக்க ஒரு கை, மாற்றி மாற்றி மாட்டலாமாம். அதற்கடியில் அவன், ஒரு முழம் உயரம், வேறு ஏதோ கிரகத்தில் சண்டை போடுகிறவன், உடம்பெல்லாம் வண்டுக்கு இருக்கிற மாதிரி ஓடு, முதுகில் காற்றுச் சிலிண்டர், அதிலிருந்து மூக்குக்குக் குழாய். உன் அப்பா ஆசையாகத் தலைக்கவசத்தைக் கழற்றினார், உள்ளே ஒரு முகம், அதில் மூன்று நாள் தாடி, மூக்கின்மேல் வேர்வைத் துளைகூட இருக்கிறது, உடனே மறுபடி மூடிவிட்டார். அன்றைக்கு மத்தியானம் எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. இதில் இடுப்புக்குக் கீழே முழுக்கச் சேறு, முழங்காலில் எண்ணெய்ப் பிசுக்கு, பூட்ஸ் இடுக்கில் என்னவென்றே தெரியாத ஒரு பச்சை. நீ வண்ணம் அடித்தேன் என்றுதானே எழுதினாய், வண்ணம் என்றால் வண்ணம் என்றுதானே நான் நினைப்பேன், அழுக்கைப் போய் ஒருவன் மெனக்கெட்டு அடிப்பானா? வழியில் எங்கேயோ பார்சலைச் சாக்கடையில் போட்டு எடுத்திருக்கிறார்கள், பிள்ளை உழைப்பு வீணாகப்போயிற்றே என்று எனக்கு வயிறு எரிந்தது. சலவைக்கூடத்திலிருந்து கறைக்குப் போடுகிற மருந்தைக் கொஞ்சம் கொண்டுவந்து, பழைய டூத்பிரஷ்ஷை எடுத்து, இடது காலைத் தேய்த்தேன். லேசில் போகவில்லை, எனக்கும் பிடிவாதம், தொடைவரைக்கும் பளிச்சென்று வெளுத்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன். அப்போது உன் தங்கை உள்ளே வந்து, "ஐயையோ அம்மா, அந்த அழுக்குதாம்மா அண்ணன் செஞ்ச வேலையே" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். குரங்கு கையில் பூமாலை என்று வேறு சொன்னாள், பெற்ற தாயைப் பார்த்து.

செய்துவிட்டேன், என்ன செய்ய. எவ்வளவு கெட்டுப்போயிற்று என்று தெரிந்துகொள்ளலாம் என்று, இந்த மாதிரிப் பொம்மைகளை வாங்கி விற்கிற ஒருவர் கடைக்கு அவளே அழைத்துப்போனாள். யார் செய்தது என்று நாங்கள் வாயைத் திறக்கவில்லை. கடை என்றால் வெளிச்சம் குறைந்த ஒரு நீள அறை, சுவர் முழுக்கக் கண்ணாடிப் பெட்டி, பெட்டி முழுக்கச் சண்டைக்காரர்கள். அந்த மனிதர் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டார், எங்கள் ஆஸ்பத்திரியில் அறுவை செய்கிற டாக்டர்கூட அவ்வளவு பவ்யமாக மாட்டமாட்டார். பொம்மையின் மூட்டு ஒவ்வொன்றையும் காதருகே வைத்து மடக்கிச் சத்தம் கேட்டார், அக்குளில் டார்ச் அடித்தார், பிறகு முகர்ந்து பார்த்தார், சீ, என் கண்முன்னால் ஒரு வளர்ந்த ஆம்பளை பொம்மையின் இடுப்பை முகர்ந்து பார்த்தார். வலது காலைப் பார்த்துவிட்டு, "என்ன அழுக்கு, என்ன அருமையான அழுக்கு, முதல்ல காஞ்ச சேறு வேற, அது மேல பட்ட ஈரச் சேறு வேற, ரெண்டும் தெரியுது பாருங்க" என்று உருகினார். இடது காலுக்கு வந்ததும் பல்லிடுக்கில் காற்றை இழுத்தார், "எந்தப் பாவியோ கழுவிட்டானே" என்றார். பாவி அவர் எதிரிலேதான் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தக் காலை மறுபடி பூசிக் கொடுத்தால் நல்ல விலைக்கு நானே எடுத்துக்கொள்கிறேன் என்றும், ரத்தம்தான் கொஞ்சம் கம்மி, இன்னும் நாலு இடத்தில் தெளித்தால் ஜனங்கள் அடித்துப்பிடித்து வாங்குவார்கள் என்றும் சொல்லிச் சிரித்தார். பொம்மையைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன், வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கை கழுவினேன். காலுக்கு ஒன்றும் கவலைப்படாதே, திருப்பி அனுப்புகிறேன், நீ பூசிக்கொள்ளலாம்.

அவர் ரத்தம் என்று சொன்ன பிறகுதான் அதைச் சரியாகப் பார்த்தேன், அதுவரை கண்ணை அந்தப் பக்கமே திருப்பவில்லை, வேலையில் பார்க்கிறது போதாதா. உன் ரத்தம் தப்பு, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நகப்பூச்சு மாதிரி சிவந்து கிடக்கிறது, ரத்தம் காய்ந்தால் பழுப்பு, நடுவைவிட ஓரம் கறுக்கும், துணியில் ஊறும், ஓட்டின்மேல் பட்டது வெடித்துப் பொருக்காக உதிரும். உன் முன்னால் யாரும் சிந்திக் காட்டியிருக்க மாட்டார்கள், அதனால் தெரியவில்லை, தெரியாமல் இருப்பதே நல்லது. ஆனால் கறை இருக்கிற இடம் வேறு சங்கதி. அவன் உடம்பைத் திருப்பித் திருப்பித் தேடினேன், ஓட்டில் ஒரு ஓட்டை இல்லை, ஒரு கிழிசல் இல்லை, அவனுக்கு எங்கேயும் அடிபடவில்லை. ரத்தம் தொடங்குவது இடது தோளின் உச்சியில், அங்கிருந்து முதுகுப்பக்கமாக இறங்கி இடுப்பில் நிற்கிறது, மார்பில் ஒரு சொட்டு கிடையாது. எங்களிடம் ஆம்புலன்ஸ் ஆட்களின் சட்டைகள் சில நேரம் இதே இடத்தில் இதே மாதிரிக் கறையோடு வரும். முதல் தடவை பார்த்தபோது புரியாமல் ஒரு ஓட்டுநரிடம் கேட்டேன், "ஸ்ட்ரெச்சர் போகாத இடம்க்கா, தோள்ல போட்டுத் தூக்கிட்டு ஓடினேன்" என்றார். தூக்கி வந்த ஆள் என்ன ஆனார் என்று கேட்பதற்குள் வண்டி எடுத்துவிட்டார். எங்களுக்குத் துணி மட்டும்தான் வரும், ஆளைப் பற்றி யாரும் சொல்லியனுப்புவதில்லை.

அதனால் என் மதிப்பைக் கேட்டால் என் கேள்விக்கு நீ முதலில் பதில் சொல்ல வேண்டும். கறையை அங்கே தெரிந்துதான் வைத்தாயா, இல்லை தூரிகை போன போக்கில் விழுந்ததா? சும்மா விழுந்தது என்றால் தயங்காமல் மூட்டையைக் கட்டு, போய் ஆபீஸ் நாற்காலியில் உட்கார், சேற்றையும் ரத்தத்தையும் அழகுக்குப் பூசுகிற பிழைப்பு என் பிள்ளைக்கு வேண்டாம், நினைத்தாலே உடம்பு கூசுகிறது. தெரிந்துதான் வைத்தாய் என்றால் ஆபீஸுக்கு வரவில்லை என்று எழுதிப் போட்டுவிடு. எனக்கு அப்போதும் அருவருப்பாகத்தான் இருக்கும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன், உன் அப்பாவிடமும் நானே பேசிக்கொள்கிறேன். எனக்குப் பிடிக்கும் என்பதற்காகப் பொய் மட்டும் எழுதாதே.

உன் கண்ணும் கையும் நோயில்லாமல் நெடுநாள் இருக்கட்டும், எங்கள் மூவரின் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. அந்தப் பெயிண்ட் வாடையை மூக்கைத் திறந்துபோட்டுக்கொண்டு இழுக்காதே, ஜன்னலைத் திறந்துவைத்து வேலை செய். பதில் போடும்போது, உன் சிப்பாய் தோளில் தூக்கிக்கொண்டு வந்தானே, அந்தப் பிள்ளை பிழைத்தானா என்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
அம்மா