பொத்தான் அறுத்த கோட்டு

மதினி,

இன்று காலை குற்றாலத்தில் சாரல் இறங்கியது. கூடவே தென்காசி பஸ்ஸிலிருந்து உங்கள் வீட்டுக்காரரும் இறங்கினார். நான் நடத்தும் லாட்ஜின் மேசையில் ஒரு மஞ்சள் பையை வைத்து, "ஏலே, நீ வாங்கிக் குடுத்த கோட்டு. பீரோவைத் தொறந்தா கண்ணுல படுது. நீயே வச்சுக்கோ" என்றார் அண்ணன்.

பையிலிருந்து தைல வாசனை வந்தது. நீங்கள் நெற்றியில் தடவும் அதே தைலம். எனக்குத் தெரிந்து நீங்கள் ஒரு நாளும் போடாத கோட்டு அது. அதில் அந்த வாசனை எப்படி ஏறியது?

தூத்துக்குடியில் சுங்கத் தரகர் ஆபீஸில் நீங்கள் இருந்த காலத்தில், கப்பல்கள் உங்கள் மூக்குக்கண்ணாடியைக் கண்டதும் நடுக்கடலிலேயே நங்கூரம் போட்டு, "அந்த அம்மா லீவா?" என்று விசாரித்துவிட்டுத்தான் கரைக்கு வருமாம். ஊரெல்லாம் இதைப் பரப்பியவன் நான்தான். வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு துணிக்கும் வரிப் பட்டியலில் ஓர் எண் உண்டு; அதைக் கண்டுபிடிப்பது உங்கள் வேலை. பின்னிய துணி என்றால் அறுபத்தொன்று, நெய்தது என்றால் அறுபத்திரண்டு. ரிட்டயராகி தென்காசிக்கு வந்த பிறகும் கை சும்மா இருக்கவில்லை. கீழப்பாவூர்க் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அத்தை போட்டிருந்த மேல்சட்டையை இழுத்துப் பார்த்து, "அறுபத்தொண்ணு" என்று தீர்ப்புச் சொன்னீர்கள். வயதைச் சொல்வதாக நினைத்து அந்த அம்மா பந்தி முடியும்வரை முறைத்தார்.

ஆண் உடுப்பா பெண் உடுப்பா என்பதற்கும் சட்டம் வைத்திருந்தீர்கள். முன்பக்கத்தில் இடது மேலே படிந்தால் ஆண், வலது மேலே படிந்தால் பெண். லாட்ஜ் வராந்தாவில் உட்கார்ந்து ஒருநாள் கேட்டேன்.

"ரெண்டுமே தெரியலைன்னா என்ன செய்வீங்க மதினி?"

"பொம்பிளைக் கணக்குல சேத்துருவோம்."

"அப்ப ஒலகத்துல மிச்சம் மீதியெல்லாம் ஒங்களுக்கா?"

"ஆமா கொழுந்தனாரே. கொழம்பும் அப்படித்தான எங்களுக்கு வருது."

பேச்சில் இமயமலையையே புரட்டுகிறவன் அன்று உங்களுக்கு இன்னொரு காபி சொன்னேன்.

போன சீசனில், கீமோ ஏறிய உங்கள் உடம்பு வெயிலிலும் நடுங்குகிறது என்று அண்ணன் சொன்னார். அருவிக்கரைக் கடையில் பின்னல் கோட்டு ஒன்று வாங்கி வந்து, "பனிக்கரடியே கடன் கேட்ட கோட்டு மதினி" என்று நீட்டினேன். கண்ணாடியை மாட்டினீர்கள். பொத்தானைப் போட்டுப் பார்த்தீர்கள்.

"எடது மேல வருது. இது ஆம்பிளைக் கோட்டு. அறுபத்தொண்ணு பூஜ்யம் ஒண்ணு. எனக்குப் பூஜ்யம் ரெண்டுலா வேணும்?"

"குளிருக்கு ஆம்பிளை பொம்பிளை தெரியுமா?"

"குளிருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். மாத்திக் கொண்டாரும்."

நாளைக்கே வந்து எடுத்துப்போய் மாற்றித் தருகிறேன் என்று கோட்டை உங்களிடமே விட்டு வந்தேன். அந்த நாளை வரவில்லை. சீசன் கூட்டம், லாட்ஜில் அறை இல்லை, ஆளில்லை என்று ஆயிரம் சாக்கு. நீங்கள் போனில் கேட்டபோதெல்லாம், "கோட்டு கேஸு டெல்லிக்குப் போயிருக்கு மதினி, பெரிய பெரிய வக்கீலெல்லாம் மயக்கம் போட்டு விழுதாக" என்று அளந்தேன். நீங்களும் சிரித்தீர்கள். பிறகு சாரல் நின்றது, கடையைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். வெறுங்கையோடு எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு வருவது என்று இரண்டு மாதம் தென்காசிப் பக்கமே வரவில்லை. அப்புறம் வந்தபோது உங்களை வாசலில் கிடத்தியிருந்தார்கள். என் சோம்பலால் குளிரிலேயே போய்விட்டீர்கள் என்றுதான் இன்று காலைவரை நினைத்திருந்தேன்.

கோட்டை விரித்தேன். ஐந்து பொத்தானும் இல்லை. பொத்தான் நுழையும் காஜா ஐந்தையும் அதே நிற நூலால் தைத்து மூடியிருந்தது. இடமா வலமா என்று இனி எந்த ஆபீசராலும் சொல்ல முடியாது.

"மதினி இதைப் போட்டாகளா அண்ணே?"

"போடாம? கடைசி ரெண்டு மாசமும் இதுதான். பொத்தானை அவளே அறுத்தா, அவளே தச்சா. முன்னால கையால சேத்துப் பிடிச்சுக்கிட்டே உக்காந்திருப்பா. 'போன்ல சொல்லிராதீங்க, கொழுந்தனாரு நேர்ல வரட்டும், தோத்த மூஞ்சியப் பாக்கணும்'னா. வாசல்ல ஆட்டோ சத்தம் கேட்டா போதும், கோட்டை நேரா இழுத்து விடுவா."

அண்ணன் அருவிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எத்தனை ஆட்டோ போயிருக்கும் மதினி, அந்தத் தெருவில்?

கோட்டை மடித்து அண்ணனிடமே கொடுத்தேன். "இது பொம்பிளைக் கோட்டு அண்ணே. எனக்குச் சேராது. மதினி பீரோவுலயே இருக்கட்டும்." அவர் வாங்கி மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மடிக்கும்போதே பார்த்தேன், கோட்டின் பைக்குள் ஒரு கந்தல் முடிச்சில் ஐந்து பொத்தான்களும் இருந்தன. அவற்றை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். இப்போது என் சட்டைப் பையில் கிடக்கின்றன. குனியும்போதெல்லாம் ஒன்று கீழே விழுகிறது. தேடி எடுத்து, துடைத்து, ஐந்தும் இருக்கிறதா என்று பார்த்து மறுபடியும் பைக்குள் போட்டுக்கொள்கிறேன்.