தையல் மிஷின் எண்ணெய் குடித்த டிரைபாட்

என்னங்க,

நசரத்பேட்டை நிக்காஹ் ஷூட்டுக்குக் கிளம்பிவிட்டேன். தால்சா அடுப்பின் மேல் இருக்கிறது. சுட வைத்துச் சாப்பிடுங்கள். அதிலும் எண்ணெய் ஊற்றிப் பார்க்க வேண்டாம்.

பதினோரு மணிக்கு கேமரா சர்வீஸ் தாவூத் பாய் வருவார். டிரைபாடின் மேலே கேமராவைத் திருப்புகிற ஃப்ளூயிட் ஹெட்டை அவரிடம் கொடுங்கள். "இன்னா பாய் ஊத்துனீங்க?" என்று கேட்பார். தையல் மிஷின் எண்ணெய் என்று மறைக்காமல் சொல்லுங்கள். அவர் சிரித்தால் நீங்களும் சிரியுங்கள். எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை.

அது இறுக்கமாகத்தான் திரும்பும். கேமரா ஆடாமல் மெதுவாகப் போகத்தான் உள்ளே கெட்டியாக கிரீஸ் வைத்திருக்கிறார்கள். "இவ்ளோ டைட்டா கீதே, உன் கை வலிக்குமே" என்று சொல்லி, உங்கள் தங்கை ஷிபாவின் நிச்சயத்தன்று காலையில் நீங்கள்தான் அதைக் கழற்றி எண்ணெய் விட்டீர்களே, மெக்கானிக் ஐயா! இப்போது அது பொருட்காட்சி ராட்டினம் மாதிரி சுற்றுகிறது.

வீட்டு மருமகள் என்று நான் சர்பத் தட்டோடு நின்றதால்தான் கேமராவை உங்களிடம் கொடுத்தேன். மாப்பிள்ளையின் அம்மா ஷிபாவுக்கு மோதிரம் போடும்போது அது வேறு பக்கம் போய்விட்டது. தங்கைக்கு நீங்களே பதில் சொல்லுங்கள்.

வெளியே போனால் சாவியை எதிர்வீட்டு அகல்யாவிடம் கொடுங்கள்.

ஜஹானாரா

பி.கு: கேமரா எங்கே போனது என்று நேற்று எடிட்டிங்கில் பார்த்தேன். சர்பத் தட்டோடு நிற்கிற என்மேல் ஒன்றரை நிமிடம், துளி ஆட்டம் இல்லை. எண்ணெய் விட்ட ஹெட் தானாக அப்படி நிற்காது. அவ்வளவு நேரம் பிடித்திருந்தீர்களே, உங்கள் கை வலிக்கவில்லையா?