கன்றுத் தீவனம் கெட்ட வாரம்

1996 ஜூலை 8, திங்கள்
இன்றும் இரண்டு சாக்குக் கன்றுத் தீவனம் கெட்டது. நான் சாக்கு வாய் தைக்கும்போதே தெரிந்தது, பிண்ணாக்கு கூடிக் கறுத்திருந்தது. தின்ற கன்றுகளுக்கு வயிறு கழிகிறதாம். மில் முதலாளி ஜெயதாஸ் என் வீட்டுக்காரரிடம், “பொன்னையா, சனிக்கிழமைக்குள்ள சரக்கு அளந்து விடுத உனக்க கம்ப்யூட்டரு நேராவணும். இல்லேன்னா வேற ஆள பாப்பேன்” என்றார். இவர் தலையைக் குனிந்துகொண்டார். பதினாலு வருஷம் ஷார்ஜாவில் மெஷினுக்குப் புத்தி சொல்லிக்கொடுத்த ஆள்! ஊருக்கு வந்து நாலு மாசம்தான் ஆகிறது.

ஜூலை 9
சோறு இறங்கவில்லை அவருக்கு. “வயிறு கன்னுக்குட்டிக்கா கெட்டுது, உங்களுக்கா?” என்றேன். சிரிக்கவில்லை. துவைக்க எடுத்த சட்டைப் பையில் ஷார்ஜாவிலிருக்கும் அவர் தம்பியின் கடிதம் — விசா தயார், வா என்று. போய்விடுவாரோ? கேட்கப் பயம்.

ஜூலை 11
மாட்டுத் தீவனத்திலிருந்து கன்றுத் தீவனத்துக்கு மாறும்போதுதான் சாக்கு கெடுகிறது! மெஷின் ஓட்டும் சிவதாணு அண்ணன் மில்லை நிறுத்தாமலே புது எடைகளை ஒவ்வொன்றாய்க் கம்ப்யூட்டரில் குத்துகிறார். எல்லாத் தடவையும் கெடுவதில்லை, எப்போதாவதுதான். அதனால் யாருக்கும் பிடிபடவில்லை.
சாப்பிடும்போது சொன்னேன். அவர் கை சோற்றிலேயே நின்றது.
“கிருபா, உள்ளுக்கு ரெண்டு வேலை ஒண்ணாட்டு ஓடுது. ஒண்ணு அண்ணன் குத்துத எடைய எழுதும். மத்தது அத வாசிச்சு சரக்க விடும். தவிடு எழுதி, பிண்ணாக்கு எழுதுததுக்கு முன்னே வாசிச்சா—”
“தவிடு கன்னுக்குட்டிக்க அளவு, பிண்ணாக்கு தள்ளைப் பசுவுக்க அளவு!”
“ஆமாட்டீ. அந்த புரோகிராம எழுதுனது நான். தப்பு எனக்கதாக்கும்.”
அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.
“எழுதித் தீருத வரை மத்தவன வாசல்ல நிறுத்துங்க. கல்யாண வீட்டுல கறி எல்லாம் விளம்பித் தீராம யாராவது எலையில கை வைப்பினுமா?”
அப்போதுதான் சிரித்தார்.

ஜூலை 12
மில்லிலேயே இருக்கிறார். சோறு கொடுத்தனுப்பினேன்.

ஜூலை 13, சனி
இப்போது அண்ணன் குத்தும் எடைகள் தனியிடத்தில் சேர்கின்றன. ஒரு கலவை முடிந்து அடுத்தது தொடங்கும் முன் மொத்தமாய் மாறுகின்றன. வேண்டுமென்றே மில் ஓடும்போதே முப்பது தடவை மாற்றிப் பார்த்தார்கள். ஒரு சாக்கும் கெடவில்லை.
முதலாளியிடம் இவர், “கண்டுபிடிச்சது எனக்க வீட்டுக்காரியாக்கும்” என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது. “அப்பம் திங்கள் முதல் கம்ப்யூட்டர நான் பாக்கேன், சாக்கு நீங்க தையுங்க” என்று இவரிடம் சொன்னேன்.

ஜூலை 21, ஞாயிறு
ஆராதனை முடிந்து வந்ததும் நாலு ஏத்தவாழைக் கன்று வைக்கக் குழி வெட்டினார்.
“குலை முத்த பத்து மாசம் ஆவும். வெட்ட ஆளு இங்க உண்டா, இல்ல ஷார்ஜாவுலயா?” என்று சீண்டினேன்.
நிமிராமல், “சாம்பல் கொண்டாட்டீ, மழைக்கு முன்னே நட்டுத் தீரணும்” என்றார்.
ஒரு கூடை போதும். நான் இரண்டு கொண்டுபோனேன்.