படையலில் வைத்த புதினா சிகரெட்டு

தாரண வருஷம், ஐப்பசி 8, செவ்வாய். திண்டிவனம்.

தம்பி சின்னுக்குட்டி, விடியலிலிருந்து தூறல். விழுப்புரம் போய் நீ இருந்த அறையைக் காலி செய்து வந்தேன். ஒரு தகரப்பெட்டி, போர்வை, இரண்டு காக்கிச் சட்டை. சட்டையில் இன்னும் ரயில் எஞ்சின் கரி வாடை.

பெட்டி அடியில் அந்தப் பச்சை டின். பட்டாள ரயிலில் வந்த சோல்ஜர் கொடுத்த புதினா சிகரெட்டு. பாதி மிச்சம். மூடியைத் திறந்ததும் மூக்கு ஜில்லென்றது. "பீடி குடிச்சா தொண்ட எரியுதுக்கா. இது மருந்து மாதிரி. இருமலே நின்னுபோச்சு" என்று நீ சொன்னது ஞாபகம் வந்தது.

ஆஸ்பத்திரிக்கும் போனேன். உன்னைப் பார்த்த டாக்டர் டின்னை மோந்து பார்த்தார். "இதனாலதான் போனான்னு நான் சொல்ல முடியாதும்மா. கரித்தூசியும் இருக்கு. ஆனா இந்தக் குளிர்ச்சியில தொண்டை மரத்துப்போகும். புகையோட காரம் தெரியாது. தெரியலேன்னா இன்னும் ஆழமா இழுப்பான். இருமல் அடங்கினாப்போல இருக்கும், உள்ளே நோவு அடங்காது."

திரும்பும்போது ரயிலில் நின்றுகொண்டே. கால் வீக்கம்.

ஐப்பசி 9, புதன்.

மழை. விறகெல்லாம் ஈரம்.

என் வீட்டுக்காரர் கடலை மண்டியில் மல்லாட்டை மூட்டை தூக்குகிறவர். தூசியில் அவருக்கும் இருமல். டாக்டர் சொன்னதைச் சொன்னேன்.

"அவருக்கு இன்னாமே, அவரு மருந்து விக்கணும். குடு அந்த டின்ன."

"காரியத்துல அவனுக்குப் படைக்கணுங்க."

வாயில் வந்ததைச் சொன்னேன். படையல் என்றால் கை வைக்கமாட்டார். டின்னைக் கேப்பைப் பானைக்குள் புதைத்தேன்.

ஐப்பசி 11, வெள்ளி.

காரியம் முடிந்தது. மழை இல்லை. சோறு, கருவாட்டுக் குழம்பு, வடை. வெல்லம் கிடைக்கவில்லை, கொழுக்கட்டை இல்லை. கோபித்துக்கொள்ளாதே. டின்னையும் வைத்தேன். வீட்டுக்காரரே ஒன்றைப் பற்றவைத்து இலை ஓரம் வைத்தார்.

மிச்சத்தை ஏரியில் எறிய எடுத்துப் போனேன். நாத்தனார் கையைப் பிடித்துக்கொண்டாள். "படைச்சத எறிவாங்களா அண்ணி? அவன் சோத்தத் தட்டி வுட்டாப்போல ஆவும். வூட்டு ஆளுங்கதான் பங்கு போட்டுக்கணும்." டின்னைத் தன் அண்ணன் கையில் கொடுத்துவிட்டாள். "இந்தாண்ணா, உன் மச்சான் பங்கு."

படைத்தால் பங்கு உண்டு. எத்தனை படையல் போட்டவள் நான். படையல் என்று அவரிடம் சொன்ன அன்றைக்கு அது தோன்றவே இல்லை.

"வேணாங்க" என்றேன்.

"படைச்சத வேணான்னு சொல்லுவாங்களா, மே?" என்றார் அவர்.

ஐப்பசி 13, ஞாயிறு.

வெயில். உன் சட்டைகளைத் துவைக்கவில்லை. அரிசிக்கு வரிசையில் நின்று வெறும் பையோடு வந்தேன்.

நேற்றிலிருந்து அவர் இருமவில்லை. "பாத்தியாமே, உன் தம்பி மருந்த" என்று சிரிக்கிறார். நன்றாக ஆழமாக இழுக்கிறார். பக்கத்தில் இருமல் கேட்காமல் எனக்குத் தூக்கம் வரவில்லை.

உனக்கும் இப்படித்தான் நின்றது. அன்று நான் சந்தோஷத்தில் அங்காளம்மனுக்குச் சூடம் ஏற்றினேன். சின்னுக்குட்டி, அப்போது உனக்கு உள்ளே நோவு தெரிந்ததா, இல்லை கொஞ்சம்கூடத் தெரியவில்லையா?