ஞாயிற்றுக்கிழமை மிச்சம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்பளவில் குறையொன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, மாடிப்படியை மட்டும் திட்டிக்கொண்டே ஏறுகிறாள். குளியலறைக் குழாய் ஒழுகுவது நின்றபாடில்லை, இதோ வருகிறேன் என்று சொன்ன குழாய்க்காரர் இன்னும் கண்ணில் படவில்லை. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொல்ல வந்தது வேறு, அதைப் போனில் ஆரம்பித்தால் நீ விடுங்கப்பா என்று பேச்சை மாற்றுவாய், நானும் அதுதான் சாக்கு என்று விட்டுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

தினமும் காலையில் கீழ்வீட்டு மருந்துக்கடைக்காரரின் கம்ப்யூட்டரில் உன் பக்கத்தைத் திறந்து, உன் ஆராய்ச்சிக் கட்டுரைகளை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்ற எண்ணைப் பார்ப்பது என் வழக்கம் என்று உனக்குத் தெரியும். பரீட்சை எழுதினது அவ, ரிசல்ட்டுக்கு அலையறது இவரு என்று அம்மா கேலி செய்வாள். சத்துணவு பற்றி நீ எழுதியது இருபத்திரண்டு கட்டுரை, மொத்த மேற்கோளில் பாதி ஒரே கட்டுரைக்குத்தான். நான் வேலை பார்த்த நம் ஊர் ஆஸ்பத்திரி நோயாளிகள் ஞாயிற்றுக்கிழமை அதிகம் சாப்பிடுகிறார்கள், பார்க்க உறவினர் வருவதுதான் காரணம் என்று நீ எழுதினாயே, அது. போன மாதம் அந்த எண் கிடுகிடுவென்று நாற்பது கூடியது. எனக்குத் தலைகால் புரியவில்லை, தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்தேன். மருந்துக்கடைக்காரர்தான் அந்தப் புதுக் கட்டுரைகளில் நாலைந்தைப் படித்துப் பார்த்துவிட்டு, என்னை உட்காரச் சொல்லி, சார், இவங்க பாராட்டல, தப்புன்னு சொல்றதுக்குத்தான் உங்க பொண்ணு பேரை எழுதியிருக்காங்க என்றார். வேறு மூன்று ஆஸ்பத்திரிகளில் அளந்து பார்த்தார்களாம், ஞாயிறும் மற்ற நாளும் ஒன்றுதானாம். உன் அட்டவணையில் தட்டில் மிஞ்சிய சாப்பாட்டின் எடை ஞாயிற்றுக்கிழமை மட்டும் நாலு, நாலேகால், நாலரை கிலோ என்று வரிசை மாறாமல் திரும்பத் திரும்ப வருகிறதே, இதை யார் உட்கார்ந்து எழுதியது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நான்தான் கண்ணு எழுதினேன்.

பூசி மெழுகாமல் சொல்கிறேன். ஆஸ்பத்திரிச் சமையற்கூடத்தில் எடை நோட்டு என் பொறுப்பாக இருந்தது. வார்டுகளிலிருந்து திரும்பும் தட்டுகளின் மிச்சத்தை வாளியில் கொட்டி எடை போட்டு எழுத வேண்டும், தினமும் பத்துப் பன்னிரண்டு கிலோ தேறும். ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது நாலரைக்குத்தான், தட்டுகள் திரும்புவதோ இரண்டு மணிக்கு. இன்று ஒரு நாள்தானே என்று மனம்போன எண்ணை எழுதிவிட்டுக் கிளம்பினேன், அப்படியே ஏழு வருஷம் ஓடிவிட்டது. அதிகமாக எழுதினால் ஏன் இவ்வளவு வீண் என்று கண்காணிப்பாளர் பிடித்துக்கொள்வார், குறைத்து எழுதினால் கேட்க மாட்டார், அவ்வளவுதான் அதிலுள்ள விஞ்ஞானம். அதைவிடப் பெரிய தப்பு, நீ ஆராய்ச்சிக்காக அந்த நோட்டுகளைப் புரட்டிவிட்டு ஞாயித்துக்கிழமை மட்டும் ஏம்பா குறையுது என்று கேட்டபோது நான் சொன்ன பதில். உன் முன்னால் சோம்பேறி என்று ஆக மனம் வரவில்லை. சொந்தக்காரங்க வந்து பக்கத்துல உக்காந்து ஊட்டிவிடுவாங்க இல்ல, அதான் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். நீ அதை ஆசையாகக் குறித்துக்கொண்டாய். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த வார்டுகளில் யார் சாப்பிட்டார்கள், யார் சாப்பிடவில்லை என்று நான் ஒரு நாள்கூடப் பார்த்தவன் இல்லை.

உன் மேல் விசாரணைக் குழு போட்டிருப்பதையும், எண்களை நீயே இட்டுக்கட்டியதாகச் சொல்லி வேலையிலிருந்து நீக்கக்கூடும் என்பதையும் அம்மாவிடம் மட்டும் சொல்லி, அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் என்றாயாம். அவள் நேற்று என்னிடம் சொல்லிவிட்டாள், அவளைக் கோபித்துக்கொள்ளாதே. தப்பென்று எழுதியவர்களுக்கு நீ பத்திரிகையில் எழுதிய பதிலை மருந்துக்கடைக்காரர் பத்து நாளுக்கு முன்பே கம்ப்யூட்டரில் படித்துச் சொன்னார். பிழை இருந்தால் அது என்னுடையது, நோட்டு எழுதியவரின் நேர்மையில் எனக்குச் சந்தேகமில்லை என்று எழுதியிருக்கிறாய். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. போன ஞாயிறு ஆஸ்பத்திரிக்கே போய், இப்போதைய சமையற்காரரிடம் கேட்டுக்கொண்டு, தட்டுகள் திரும்பும்வரை நின்று வாளியை எடை போட்டேன். வார்டு நிறைய உறவினர்கள் இருந்தார்கள். பதினொன்றரை கிலோ.

நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன், பின்னால் ஆங்கிலத்திலும் இருக்கிறது. அதைக் குழுவுக்கு அனுப்பு, கட்டுரையை நீயே திரும்பப் பெற்றுக்கொள். ஏழு வருஷப் பொய்யை நம்பியதற்கு உன்னை யாரும் குறை சொல்லலாம், பொய் சொன்னவள் என்று மட்டும் சொல்ல விடாதே. அப்பாவைக் காட்டிக்கொடுத்துவிட்டோம் என்று அழாதே, காட்டிக்கொடுத்தது நான்தான்.

நீ நீடூழி வாழ வேண்டும், தலை நிமிர்ந்து வாழ வேண்டும். அம்மாவின் ஆசியும் இதில் சேர்ந்தது. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. ஒன்றை மறக்காதே, முதலில் தாளை அனுப்பு, பிறகு எனக்குப் போன் செய். உன் குரலைக் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அப்பா